சிவப்பு முனையில் கறுப்பு ஒயர்

மழை பிடித்துக்கொண்டால் அந்த வீட்டில் எதுவும் காயாது. கொடியில் போட்ட துணி காயாது, துடைத்த தரை காயாது, ஸ்பீக்கர் பெட்டிக்கு அடித்த வார்னிஷும் காயாது. சின்னவர் விரல் நுனியால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். தொட்ட இடத்திலெல்லாம் ரேகை விழும். அப்புறம் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு தேய்க்க உட்காருவார்.

“காய்ச்சல்ல கெடக்கற புள்ளையோட நெத்தியா அது? சும்மா சும்மா தொட்டுப் பாக்கறீங்க?” என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

“காஞ்சிருக்கான்னு பாக்க வேண்டாமா?”

“நீங்க தொடறதாலதான் காயல.”

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி சின்னவரின் மனைவி. தெருவில் அவளுக்குக் காயில்காரி என்று பேர். செம்புக் கம்பியைச் சுற்றிச் சுற்றி அவளுடைய ஆள்காட்டி விரலில் ஒரு பள்ளமே விழுந்திருந்தது. பாத்திரம் தேய்க்கும்போது சோப்பு அந்தப் பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொண்டு கழுவினாலும் போகாது.

ஸ்பீக்கர் செய்வதுதான் அந்த வீட்டுத் தொழில். அண்ணன் பெரியவருக்கு வெளிவேலை: பொருள் வாங்குவது, ஆளோடு பேசி முடிப்பது, கொண்டுபோய் மாட்டிக் கொடுப்பது. தம்பி சின்னவருக்கு மரவேலை. பெட்டிக்குள்ளே யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்திருக்கிற கிராஸ்ஓவர் காயில்காரியின் பொறுப்பு. கல்யாணத்துக்கு முன்னால் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றும் பட்டறையில் வேலை பார்த்தவள் அவள். வந்த புதிதில் பெரியவரே ஒரு காயிலைக் கொடுத்து, “இது சுத்தத் தெரியுமா அம்மாடி?” என்று கேட்டார். அவர் அவளிடம் தொழிலைப் பற்றிக் கேட்ட ஒரே கேள்வி அதுதான். தெரியும் என்றாள். அப்புறம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

கிராஸ்ஓவர் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன், கதைக்கு அது வேண்டும். பெரிய பெட்டியில் மூன்று வாய் இருக்கும். தடித்த குரலுக்குக் கீழே ஒரு பெரிய வூஃபர். மனுஷக் குரலுக்கு நடுவிலே புனல் மாதிரி ஒரு ஹாரன். சலங்கை, கண்ணாடிச் சில்லு மாதிரி நுணுக்கமான ஓசைக்கு உச்சியில் ஒரு சின்ன ட்வீட்டர். வருகிற பாட்டை மூன்றாகப் பங்குபோட்டு, இது உனக்கு, இது உனக்கு என்று பிரித்துக் கொடுப்பதுதான் கிராஸ்ஓவர். கொஞ்சம் காயில், கொஞ்சம் கண்டன்சர், கொஞ்சம் ரெசிஸ்டர், அவ்வளவுதான் சாமான். ஆனால் பங்கு சரியாகப் பிரிக்காத வீட்டில் என்ன நடக்குமோ அது பெட்டிக்குள்ளும் நடக்கும். ஒருத்தர் கத்துவார், ஒருத்தர் வாயே திறக்கமாட்டார்.

அவள் இதையெல்லாம் செய்த இடம் அடுப்படிக்கும் பின்வாசலுக்கும் நடுவில் இருந்த நடை. இரண்டு டின்னின் மேல் ஒரு பலகை. மேலே ஒரு மங்கல் பல்பு. யாராவது கொல்லைப்பக்கம் போவதென்றால் அவள் முழங்காலை மடக்கி வழிவிட வேண்டும். சாலிடரிங் இரும்பு ஒரு பக்கம் சுட்டுக்கொண்டிருக்கும், உலை ஒரு பக்கம் கொதித்துக்கொண்டிருக்கும். முன்னறையில், ஜன்னலை ஒட்டி, பகலெல்லாம் வெளிச்சம் விழுகிற ஒரு நீள மேசை இருந்தது. அது பெரியவருடையது. அதன்மேல் அவருடைய செய்தித்தாள், கண்ணாடிக்கூடு, டீ கிளாஸ், ஓடாத ஒரு டேபிள் ஃபேன்.

“அந்த மேசையில என்னங்க வேலை நடக்குது?” என்று புருஷனிடம் கேட்பாள்.

“அண்ணன் உக்கார்ற எடம்.”

“அதான் கேக்கறேன், உக்கார்றதைத் தவிர?”

சின்னவர் அந்த இடத்தில் சிரித்துவிட்டு உப்புத்தாளைத் தேடுவார்.

அந்த மழைக்காலத்தில்தான் மருந்துக்கடைக்காரர் வந்தார். நாலு தெரு தள்ளி ஒரு பழைய கிடங்கை வாடகைக்குப் பிடித்து, நாற்காலி போட்டு, வாரத்துக்கு ஒரு சாயங்காலம் இசைத்தட்டு போட்டுக் கேட்கிற கூட்டம் ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார். சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்க அவரிடம் இருந்தது பழைய வால்வ் ஆம்ப். குரலுக்கு அப்படி ஒரு இதம் கொடுக்கும். ஆனால் பலம் கம்மி. ஏழெட்டு வாட்தான்.

“அதை வச்சு அவ்வளவு பெரிய ஹாலுக்கா?” என்றார் பெரியவர். “டார்ச் லைட்டு வேணா எரியும்.”

“ஆம்பை மாத்தமாட்டேன்,” என்றார் மருந்துக்கடைக்காரர். “ஸ்பீக்கரை அதுக்குத் தகுந்த மாதிரி செஞ்சு குடுங்க.”

கதவோரம் டீயோடு நின்ற காயில்காரி, “செய்யலாம்,” என்றாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள், டீ கிளாஸ் பேசிவிட்ட மாதிரி.

அன்று வீட்டுக்குள் பெரிய பேச்சு நடந்தது. பெரியவருக்கு வேறு எண்ணம் இருந்தது. கடையில் இப்போது ரெடிமேட் கிராஸ்ஓவர் தட்டு வருகிறது, வாங்கி மாட்டினால் ஆச்சு. “நீ எதுக்கும்மா பொகையில உக்காந்து கண்ணைக் கெடுத்துக்கற? உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

“ஊருக்கெல்லாம் பொதுவாச் செஞ்ச தட்டு நம்ம வூஃபருக்கும் நம்ம ஹாரனுக்கும் எப்படிப் பொருந்தும் பெரியத்தான்? ரெடிமேட் சட்டை மாதிரி. கழுத்து சரியா இருந்தா கை தொங்கும்.”

“எல்லாரும் ரெடிமேட் சட்டைதான் போடறாங்க.”

“எல்லாருக்கும் கை தொங்குது.”

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். இந்த ஒரு ஜோடி முழுக்க அவள் சொன்னபடி. மருந்துக்கடைக்காரருக்குப் பிடித்துவிட்டால், இனிமேல் கிராஸ்ஓவர் எல்லாம் அவள்தான், முன்னறை மேசையும் அவளுக்கு. பிடிக்கவில்லை என்றால் ரெடிமேட் தட்டு. பலகையை எடுத்து ஓரமாகச் சாத்திவிட வேண்டியது. மேசை என்ற வார்த்தையைச் சொல்லும்போது பெரியவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

வூஃபர் வாங்க அவளும் கூடப் போனாள். கடைக்காரர் எடுத்த எடுப்பில், தூக்கவே இரண்டு ஆள் வேண்டிய ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். பெரியவர் முகம் மலர்ந்துபோயிற்று. “பாத்தியா காந்தத்தை! அம்மிக்கல்லு மாதிரி இருக்கு. அறுநூறு வாட் தாங்கும்.”

“தாங்கறது வேற, பாடறது வேற,” என்று குனிந்து அதன் காகிதக் கூம்பை நகத்தால் சுண்டினாள். தொப் என்றது. “செருப்புத் தோல் மாதிரி கனமா இருக்கு. இதை அசைக்கவே நம்ம ஆம்ப் செத்துப்போயிடும். லேசானது காட்டுங்க அண்ணே. ஓரத்துல ரப்பர் இல்லாம, துணி மடிப்பு வச்சது.”

“அது பழைய மாடலும்மா. உள்ள தூசியில கெடக்கு.”

“தூசியைத் தட்டிக்கறேன்.”

பதினைந்து அங்குலத்தில் இரண்டு வந்தன. சுண்டினாள். டங் என்றது, காய்ந்த அப்பளத்தைத் தட்டின மாதிரி. உள்ளங்கையை விரித்து மெல்ல அழுத்திப் பார்த்தாள். விட்டதும் கையைத் தள்ளிக்கொண்டு எழுந்தது. “இதுதான். ஊதினாலே பேசும்.”

கடைக்காரர் பெரியவரைப் பார்த்து, “என்ன அண்ணே, அதையே போட்டுரவா?” என்றார். பேசினது அவள், சுண்டினது அவள், கேட்டது அவரை. பெரியவர் தாராளமாகத் தலையாட்டினார். ஹாரனும் ட்வீட்டரும் வாங்கும்போதும் இதே கூத்துதான்.  வருகிற வழியெல்லாம் மழைத்தண்ணீரைக் காலால் எற்றிக்கொண்டு வந்தாள்.

அடுத்த வாரங்களில் அந்த நடை ஒரு பிரசவ அறை மாதிரி ஆயிற்று. கம்பியை அச்சில் போட்டுக் கைப்பிடியைச் சுழற்றுவாள். அடுக்கு மேல் அடுக்கு பிசகாமல் படிய வேண்டும். உருளைக்கிழங்கு வேகும் நேரத்தில் பாதிக் காயில் முடியும். விசில் வந்தால் எழுந்துபோய் இறக்கிவைத்துவிட்டு, விரலால் நிறுத்தி வைத்த இடத்திலிருந்து மறுபடி. ஹாரனுக்குத் தொண்டை பெரிசு, வூஃபர் சாது. அதனால் ஹாரனுக்கு முன்னால் ரெசிஸ்டர் போட்டு அதன் சத்தத்தை வூஃபர் அளவுக்கு இறக்கினாள்.

“மூணு பேர்ல யாரு மெதுவாப் பேசறாங்களோ அவங்களுக்குத் தக்கபடி மத்தவங்க வாயை அடக்கணும்,” என்று புருஷனுக்குச் சொன்னதைக் கேட்டுக்கொண்டே வந்த பெரியவர், “அப்ப நம்ம வீட்டுலயும் ஒண்ணு மாட்டு அம்மாடி,” என்றார்.

“மாட்டலாம் பெரியத்தான். யாருக்குன்னு முடிவு பண்ணிட்டுச் சொல்லுங்க.”

பெரியவர் விழுந்து விழுந்து சிரித்தார். கெட்டவர் இல்லை அவர். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவளுக்கு ஜுரம் வந்தபோது மருந்துக்கு மழையில் ஓடினவர். ஆனால் பாருங்கள், கெட்டவர் மேல் கோபப்படுவது சுலபம். நல்லவர் மேல் வருகிற கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

ஒருநாள் மழை சற்று விட்டபோது அவளும் பெரியவர் மனைவியும் கொல்லையில் போர்வை பிழிந்துகொண்டிருந்தார்கள். பெரியவர் மனைவிக்கு முழங்கால் வலி, உட்கார்ந்தால் எழ மாட்டாள், எழுந்தால் உட்கார மாட்டாள். ஆனால் வாய்க்கு வலி கிடையாது.

“ஏண்டி, நேத்து அந்த நடு வாய்க்கு மட்டும் ஒயரைக் கழட்டிக் கழட்டி மாட்டிக்கிட்டிருந்தியே, என்ன அது? கறுப்பைக் கொண்டுபோய்ச் சிவப்புல மாட்டற. எனக்கே தெரியுது தப்புன்னு.”

“தப்பு இல்லக்கா. வேணும்னே போடறது.”

“வேணும்னேயா?”

“இப்ப நாம ரெண்டு பேரும் போர்வையப் புழியறோம். நீங்க அந்தப் பக்கம் முறுக்கறீங்க, நான் இந்தப் பக்கம் முறுக்கறேன். அதான் தண்ணி எறங்குது. ரெண்டு பேரும் ஒரே பக்கம் முறுக்கினா?”

“போர்வை சும்மா சுத்தும்.”

“அதேதான். காயில் வழியாப் போறவன் கொஞ்சம் பின்தங்கறான், கண்டன்சர் வழியாப் போறவன் கொஞ்சம் முந்தறான். வூஃபரும் ஹாரனும் கைமாத்திக்கற எடத்துல ஒருத்தன் தள்ளும்போது இன்னொருத்தன் இழுக்கறான். அந்த எடத்துல குரல் காணாமப் போயிடும். நடுவுல இருக்கறவனைத் திருப்பி மாட்டிட்டா ரெண்டு பேரும் சேர்ந்து தள்ளுவாங்க.”

பெரியவர் மனைவி போர்வையை ஒரு முறுக்கு கூடவே முறுக்கினாள். “அடப் பாவமே. இவ்வளவு கதை இருக்கா அதுக்குள்ள. நான் ஏதோ நீ கம்பி சுத்திக்கிட்டு உக்காந்திருக்கேன்னுதான் நெனச்சேன்.”

“எல்லாரும் அப்படித்தான் நெனக்கறாங்க.”

“கேட்டாத்தானேடி தெரியும்.”

“அதான் நானும் சொல்றேன்.”

வீட்டிலேயே போட்டுப் பார்த்தார்கள். அவள் பழக்கம், இரண்டு பெட்டியையும் சேர்த்துக் கேட்கமாட்டாள். ஒன்றை மட்டும் முதலில். இரண்டு சேர்ந்தால் ஒன்றின் குறையை இன்னொன்று மறைத்துவிடும் என்பாள். ஹாரனை நேராக மாட்டினாள். குரல் குழியில் விழுந்தது. திருப்பி மாட்டினாள், குரல் எழுந்துவந்து அறை நடுவில் நின்றது. சின்னவர் உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டு, “யாரோ உள்ள வந்துட்ட மாதிரி இருக்கே,” என்றார். இரண்டாவது பெட்டியும் அப்படியே. அவள் பின்பலகையைத் திருகி மூடினாள். ஏன் திருப்பி மாட்டினேன் என்று ஒரு துண்டுத் தாள் எழுதி ஒட்டியிருக்கலாம்தான். ஒட்டவில்லை. யாராவது காரணம் கேட்கிற அன்று சொல்லிக்கொள்ளலாம் என்ற வீம்பு அவளுக்கும் இருந்தது.

கொண்டுபோகிற அன்று காலையிலிருந்தே மழை. பெட்டிகளுக்குப் பிளாஸ்டிக் சுற்றி வண்டியில் ஏற்றினார்கள். அவளும் ஏறப் போனாள். பெரியவர் தடுத்துவிட்டார். “நீ எதுக்கும்மா நனையற? வீட்டுல சாப்பாட்டை முடிச்சிட்டு, நல்ல துணியாக் கட்டிக்கிட்டு நிதானமா வா. மாட்டற வேலைய நான் பாத்துக்கறேன்.”

சொன்னபடி முடித்துவிட்டுப் போனாள். கிடங்கின் உயரமான ஜன்னல்கள் வழியாகச் சாம்பல் வெளிச்சம். ஈரக் குடைகளை மூலையில் சாய்த்து வைத்திருந்தார்கள். கூட்டம் வந்துகொண்டிருந்தது. பெட்டி இரண்டும் மேடை ஓரத்தில், அலமாரி உசரத்துக்கு, வார்னிஷ் மினுங்க நின்றன. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள், சொந்தப் பிள்ளையைப் பள்ளிக்கூட மேடையில் பார்க்கிற மாதிரி.

மருந்துக்கடைக்காரர், “தங்கச்சி சொன்ன மாதிரி ஒரு பெட்டியை மட்டும் மொதல்ல கேப்போம்,” என்று இடப்பக்கத்துப் பெட்டிக்கு மட்டும் ஒயரைக் கொடுத்தார். இசைத்தட்டை எடுத்தார். ஒரு அம்மா பாடின பழைய பாட்டு. அவருடைய இறந்துபோன மனைவிக்குப் பிடித்தது அது என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். ஊசியை வைத்தார்.

சத்தத்துக்குக் குறைச்சலே இல்லை. ஏழெட்டு வாட்டில் கிடங்கு நிறைந்தது. கீழ்க்குரல் வயிற்றில் தட்டிற்று. சில்லுச் சத்தம் சிலுசிலுத்தது. ஆனால் பாடுகிற அம்மாவைக் காணோம். எங்கேயோ தூரத்தில், சுவருக்கு அந்தப் பக்கம், மூக்கைப் பிடித்துக்கொண்டு பாடுகிறாள்.

மருந்துக்கடைக்காரர் முகத்தைக் காயில்காரி பார்த்தாள். ஊருக்குப் போன ஆளை அழைத்துவர ஸ்டேஷனுக்குப் போய், வண்டி காலியாக வந்து நின்றதைப் பார்த்தவர் மாதிரி இருந்தார்.

“கெணத்துக்குள்ளேர்ந்து பாடற மாதிரி இருக்கே,” என்றார் முன்வரிசையில் இருந்த தபால்காரர்.

“வாயில துணியக் கட்டிட்டாங்களா?” என்றார் இன்னொருவர்.

காயில்காரி பெட்டியையே பார்த்தாள். அவள் யாரையும் சந்தேகப்படவில்லை. அதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். அவளுடைய கையைத்தான் சந்தேகப்பட்டாள். காயிலில் அடுக்கு பிசகிவிட்டதா? விசில் வந்தபோது எழுந்து போனோமே, அப்போது ஒரு சுற்று விட்டுப்போயிற்றா? ஈரத்தில் கண்டன்சர் கெட்டுவிட்டதா? வீட்டில் நன்றாகக் கேட்டதே, அது நாமாக நினைத்துக்கொண்டதா, ஆசையில் காது பொய் சொல்லிற்றா? ஆள்காட்டி விரலின் பள்ளத்தைக் கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்துச் சிவக்க வைத்துவிட்டாள். இத்தனை வருஷம் தெரியும் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தது எல்லாம் ஒன்றுமில்லையோ என்று நின்றாள்.

புருஷனைப் பார்த்தாள். வீட்டில் கேட்டவர் அவர். வீட்டில் நல்லாத்தான் இருந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சின்னவர் தன் பெட்டியின் விளிம்பில் வார்னிஷைத் தடவிக்கொண்டிருந்தார்.

பாட்டு முடிந்தது. “பெட்டி அருமையா இருக்கு,” என்றார் மருந்துக்கடைக்காரர், மென்று விழுங்கி. “உள்ளதான் ஏதோ...”

“கிராஸ்ஓவரா இருக்கும்,” என்றார் தபால்காரர். “கையால சுத்தினதுன்னா முன்னப்பின்ன இருக்கத்தான் செய்யும்.”

அப்போதுதான் பெரியவர் எழுந்தார். அவளைக் காப்பாற்றத்தான் எழுந்தார்.

“யாரும் எங்க வீட்டுப் பொண்ணைக் கொறை சொல்லக் கூடாது, ஆமா. அடுப்படிக்கும் பலகைக்கும் நடுவுல நின்னு செய்யறவ. ஒரு கை கரண்டியில, ஒரு கை கம்பியில. தப்பு வரத்தான் செய்யும். இன்னிக்குக் காலையில மாட்டும்போது சந்தேகப்பட்டுப் பின்பலகையைத் தெறந்து பாத்தேன். நடு ஹாரனுக்கு, ரெண்டு பெட்டியிலயுமே, கறுப்பு ஒயரைக் கொண்டுபோய்ச் சிவப்பு முனையில மாட்டி வச்சிருக்கு. சின்னப் புள்ள பண்ற தப்பு. எல்லார் முன்னாலயும் சொன்னா அவ மனசு நோகும்னு, வாயைத் தெறக்காம நானே சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்புன்னு சரி பண்ணி மூடிட்டேன். மத்ததும் அதே மாதிரி எங்கயாவது இருக்கும். விடுங்க, ரெடிமேட் தட்டு வாங்கி மாட்டிக் குடுத்துடறேன். நீ ஒண்ணும் வருத்தப்படாதம்மா.”

கிடங்கின் தகரக் கூரையில் மழை தடதடத்தது.   காயில்காரிக்குக் கால் நுனியிலிருந்து ஒரு சூடு கிளம்பி, வயிறு, நெஞ்சு, காது என்று ஏறிற்று.

“நீங்க தெறந்தீங்களா?”

“உன் நல்லதுக்குத்தாம்மா...”

“தெறந்தீங்க. தப்புன்னு முடிவு பண்ணீங்க. மாத்தினீங்க. மூடினீங்க. நான் வீட்டுல உங்களுக்குத்தான் சோறு வடிச்சுக்கிட்டிருந்தேன் பெரியத்தான். நாலு தெருதான். ஒரு ஆளை அனுப்பி, இது ஏன் இப்படி இருக்குன்னு கேட்டிருந்தா என்ன கொறைஞ்சு போயிருக்கும்?”

“உன்னைக் கேட்டா நீ சங்கடப்படுவேன்னு...”

“தப்பு பண்ணவதான் சங்கடப்படுவா! நான் தப்பே பண்ணல. நீங்க மாத்தி வச்சுட்டுப் பேசாம உக்காந்திருக்கீங்க, நான் இங்க நின்னு என் கையை நானே சந்தேகப்பட்டுக்கிட்டிருந்தேன். இதுக்கு என்ன பதில் சொல்வீங்க? அந்தப் பாட்டு ஓடின நேரம் பூரா நான் சொந்தக் கையைத் திட்டிக்கிட்டு நின்னேன்!”

குரல் உடைந்தது, ஆனால் கண்ணில் தண்ணீர் வரவில்லை. சின்னவர் பக்கத்தில் வந்து முழங்கையைத் தொட்டார். “விடு. அண்ணன் நல்லதுக்குத்தான்...”

“நீங்க பேசாதீங்க. பேச வேண்டிய நேரத்துல வார்னிஷைத் தடவிக்கிட்டு நின்னீங்கள்ல, இப்பவும் தடவுங்க.”

யாரோ பின்னால் சிரித்து, உடனே இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

பெரியவர் முகம் சுண்டிப்போய், “சரி, நீயே வந்து எப்படி இருந்துச்சோ அப்படி மாட்டிக்க,” என்றார்.

“நான் தொடமாட்டேன். எந்தக் கை மாத்திச்சோ அந்தக் கையே மாத்தட்டும். இந்த ஒரு பெட்டியில மட்டும்.”

பெரியவர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு இடப்பக்கத்துப் பெட்டியின் பின்னால் முட்டி போட்டார். திருகு கீழே விழுந்து உருண்டது. தபால்காரர் தேடி எடுத்துக் கொடுத்தார். கறுப்பு சிவப்புக்கு, சிவப்பு கறுப்புக்கு. மூடினார். மருந்துக்கடைக்காரர் அதே தட்டை மறுபடி போட்டார்.

அந்த அம்மா உள்ளே வந்தாள். வேறெப்படிச் சொல்வது? மழையில் நனைந்து, வாசலில் காலைத் துடைத்துக்கொண்டு, உள்ளே வந்து, எல்லாருக்கும் முன்னால் நின்று பாடினாள். மூச்சு இழுப்பது கேட்டது. மருந்துக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

பாட்டு முடிந்ததும் கைதட்டினார்கள். நடந்த சண்டை தெரியாமல் தாமதமாக வந்து பின்னால் நின்ற சிலர், பெரியவர் ஸ்க்ரூ டிரைவரோடு எழுவதைத்தான் பார்த்திருந்தார்கள். “அண்ணன் கை வச்சதும்தான் சரியாச்சு பாரு!” என்று ஒருவர் சொன்னார். “அனுபவம்னா அனுபவம்தான்,” என்று இன்னொருவர் வந்து பெரியவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். பெரியவர் இல்லை இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். திறந்தவர், “என்னமோ, எல்லாருமாச் சேர்ந்து...” என்றார்.

அவ்வளவுதான். காயில்காரி நேராக ஆம்ப் பக்கம் போனாள். இடப்பக்கத்து ஒயரைப் பிடுங்கி வலப்பக்கத்துப் பெட்டியில் கொடுத்தாள். ஊசியைத் தூக்கி முதலில் வைத்தாள். அந்த அம்மா மறுபடி கிணற்றுக்குள் போய்விட்டாள். கைகுலுக்கினவர் கையை விட்டார்.

“நல்லாக் கேட்டுக்கங்க,” என்றாள் பாட்டுக்கு மேலாக. “இந்தப் பெட்டி பெரியத்தான் சரி பண்ணது. அந்தப் பெட்டி நான் தப்பாச் செஞ்சது. எது வேணுமோ வச்சுக்கங்க.”

குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். விரிக்கவே மறந்துவிட்டாள்.

 அன்று வீட்டில் பெரியவர் மனைவி தட்டுகளை டொக்கு டொக்கு என்று வைத்தாள். பெரியவர் சாப்பிட உட்கார்ந்தபோது அவள் நின்றுகொண்டே, “எனக்குத் தெரியும் அது ஏன் திருப்பி மாட்டறதுன்னு,” என்றாள்.

“உனக்கா?”

“ஏன், எனக்குத் தெரியக் கூடாதா? நான் கேட்டேன், அவ சொன்னா. கொல்லையில நின்னு.”

“அப்ப என்கிட்ட ஏன் சொல்லல?”

“என்னை யாரு கேட்டா இந்த வீட்டுல?” என்று சொல்லிவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

மறுநாள் காலை மழை வெறித்திருந்தது. பல நாளுக்கப்புறம் வெயில். காயில்காரி நடையில் உட்கார்ந்து கம்பிச் சுருளை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். பட்டறையில் இன்னும் ஆள் எடுக்கிறார்களா என்று விசாரிக்கப் போவதாகப் புருஷனிடம் சொல்லியாயிற்று. அவர் வாசலில் நின்றுகொண்டு, போகாதே என்றும் சொல்லாமல், போ என்றும் சொல்லாமல், காய்ந்துபோன வார்னிஷ் டப்பாவைக் குச்சியால் கிளறிக்கொண்டிருந்தார்.

நடை முனையில் ஒரு நிழல் விழுந்தது. பெரியவர்தான். கொல்லைப்பக்கம் போகிறார் என்று முழங்காலை மடக்கி வழிவிட்டாள். அவர் போகவில்லை. நின்றார்.

“ரெண்டாவது பெட்டியையும் நேத்தே மாத்திட்டேன்,” என்றார். “நல்லா இருக்குன்னுட்டாரு மருந்துக்கடைக்காரர். ரெண்டும் அவருக்கு வேணுமாம்.”

அவள் கம்பியைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள்.

“யாரு செஞ்சதுன்னும் சொன்னேன். அந்தக் கை குலுக்கினவன்கிட்டயும் தேடிப் போய்ச் சொன்னேன்.”

“ம்.”

“அப்புறம் அவர் கேட்டாரு. சிவப்புக்குச் சிவப்புதானே மொறை, இது ஏன் இப்படின்னு. எனக்குச் சொல்லத் தெரியல.” தொண்டையைச் செருமினார். “இத்தனை வருஷமா மாட்டறேன். ஏன்னு எனக்குத் தெரியாது. உங்கக்காகிட்ட கேட்டேன். போர்வை புழியற மாதிரின்னா. பாதிதான் புரிஞ்சுது.”

காயில்காரி கையை நிறுத்தினாள்.

“ஏம்மா,” என்றார் பெரியவர்.  “அது ஏன் திருப்பிப் போடணும்?”

அந்த நடையில் இன்னொரு ஆள் உட்கார இடம் கிடையாது. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு, தலை பல்பில் இடிக்காமல் குனிந்து நின்றார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். சிரிக்கவில்லை. ஆறவும் இல்லை, அது ஆற இன்னும் நாளாகும். பையில் போட்டதையெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். பலகைக்கு அடியில் கிடந்த பழைய ஹாரன் ஒன்றை ஒரு கையிலும் சுற்றும் அச்சை இன்னொரு கையிலும் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

“இங்க வெளிச்சம் பத்தாது பெரியத்தான். முன்னால மேசைக்கு வாங்க, சொல்றேன்.”

அவரைத் தாண்டிக்கொண்டு முன்னறைக்குப் போனாள். ஜன்னல் வழியாக வெயில் மேசை முழுக்க விழுந்திருந்தது. கையில் பாரத்தோடு அவள் அங்கேயே நின்றாள். எதையும் நகர்த்தவில்லை. பெரியவர் பின்னாலேயே வந்தார். செய்தித்தாளை எடுத்தார், கண்ணாடிக்கூட்டை எடுத்தார், டீ கிளாஸை எடுத்தார். டேபிள் ஃபேனைத் தூக்கிக்கொண்டு எங்கே வைப்பதென்று தெரியாமல் சுற்றிப் பார்த்தார்.

“அதை நடையில வைங்க,” என்றாள்.